பணம் வாங்கிப் பேசுபவரை நம்புகிறோமா? – கேள்வி பதில்

நுகர்வோர் ஆய்வும் விளம்பர ஒழுங்குமுறையும் என் துறை. யூடியூபர்களும் இன்ஸ்டாகிராம் பிரபலங்களும் பணம் பெற்றுச் செய்யும் விளம்பரங்கள் நம் நம்பிக்கையை என்ன செய்கின்றன என்று வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். குறிப்பிட்ட ஒரு பொருளை வாங்கலாமா என்ற கேள்விகளைத் தவிர்க்குமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

மதுரை மாணவி: இத்தகைய விளம்பரங்கள் மக்களின் நம்பிக்கையை உண்மையிலேயே பாதிக்கின்றனவா?

பாதிக்கின்றன. ஆனால் பேசுபவர் மீதுள்ள நம்பிக்கை, பொருள் மீதுள்ள நம்பிக்கை, வாங்குவது என்ற முடிவு ஆகிய மூன்றும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை என்பதால் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் நேயரை நோக்கிப் பேசுபவரிடம் நேயருக்கு ஒருதலையான நெருக்கம் உண்டாவதை ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956லேயே விவரித்திருக்கிறார்கள். இன்று, நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவரை "அக்கா" என்று அழைத்து, "உங்கள் பாப்பாவுக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டதா?" என்று பின்னூட்டத்தில் விசாரிக்கிறோம். விளம்பரதாரர் விலை கொடுத்து வாங்குவது அந்த நெருக்கத்தைத்தான்.

இதற்கு எதிராக இழுக்கும் விசையும் உண்டு. தன்னை யாரோ இணங்கவைக்க முயல்கிறார் என்று உணர்ந்தவுடன் கேட்பவர் எச்சரிக்கையாகிவிடுகிறார் என்பது ஃபிரீஸ்டாட், ரைட் ஆகியோர் 1994இல் முன்வைத்த கருத்து. 2017இல் வெளியான ஓர் இன்ஸ்டாகிராம் ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. "கட்டண விளம்பரம்" என்று பளிச்சென்று எழுதப்பட்டபோது பலர் அதை விளம்பரம் என்று கண்டுகொண்டார்கள். அந்த அறிவிப்பை நினைவில் வைத்திருந்தவர்களிடம் பிராண்டின் மீதான நல்லெண்ணமும் பதிவைப் பகிரும் விருப்பமும் குறைந்தன.

விற்பனை வேறு கதை. அமெரிக்காவின் லார்ட் அண்டு டெய்லர் நிறுவனம் 2015 மார்ச்சில் 50 ஃபேஷன் பிரபலங்களுக்கு ஒரே ஆடையைக் கொடுத்து, ஆளுக்கு 1,000 முதல் 4,000 டாலர் வரை பணமும் கொடுத்து, ஒரே வார இறுதியில் படம் போடச் செய்தது. அது விளம்பரம் என்று பதிவுகளில் சொல்லப்படவில்லை. ஆடை விற்றுத் தீர்ந்தது; அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் நடவடிக்கை அடுத்த ஆண்டுதான் வந்தது.

சேலம் வாசகர்: நான் பின்தொடரும் ஒருவர் பரிந்துரைத்த தலைமுடி எண்ணெயை வாங்கலாமா?

முடி கொட்டினால் தோல் மருத்துவரைப் பாருங்கள். உடலில் பூசுவதையும் உள்ளே போவதையும் சேமிப்பைப் போடுவதையும் காணொளியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சமையல் சேனல் நடத்துபவர்: எனக்குப் பணம் தருவதில்லை, மிக்ஸியும் பாத்திரமும் இலவசமாக அனுப்புகிறார்கள். அதற்கும் அறிவிப்பு வேண்டுமா? விளம்பரம் என்று போட்டால் பார்வையாளர்கள் விலகிவிடுவார்களே?

வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இலவசப் பொருளும், பார்வையாளரிடம் அறிவிக்க வேண்டிய ஆதாயம்தான். வருமான வரித் துறையின் பார்வையும் அதுவே: 2022 ஜூலை முதல், நீங்களே வைத்துக்கொள்ளும் பொருள்களின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், அனுப்பும் நிறுவனம் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டியிருக்கும்.

எப்படிப் போடுவது என்பதில்தான் பலர் தந்திரம் செய்கிறார்கள். ரீல்ஸின் கீழே சமையற்குறிப்பு, வாழ்த்து, இருபது ஹேஷ்டேக் எல்லாம் முடிந்த பிறகு, "மேலும்" என்பதை அழுத்தினால் மட்டும் தெரியும் இடத்தில், ஆங்கிலத்தில் "ad" என்ற இரண்டெழுத்து இருக்கும். இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 நெறிமுறைப்படி அது முதல் இரண்டு வரிக்குள் இருக்க வேண்டும். காணொளி 2 நிமிடமோ அதற்கு மேலோ நீண்டால், பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் அறிவிப்பு திரையில் நிற்க வேண்டும். தமிழில் பேசினால் அறிவிப்பும் தமிழில் இருப்பதே முறை.

பார்வையாளர் விலகுவதைப் பற்றிய உங்கள் அச்சம் ஓரளவு நியாயமானதே. ஆனால் ஸ்பான்சர் பதிவுகளைப் பற்றிய 2016ஆம் ஆண்டு ஆய்வொன்றில், வெறும் அறிவிப்பு எழுதியவரின் நம்பகத்தன்மையைக் குறைத்தது. "கருத்து என்னுடையது" என்று சேர்த்துச் சொன்ன அறிவிப்பு அப்படிக் குறைக்கவில்லை. அந்த வாக்கியத்தைப் பொய்யாகச் சொல்பவர்களும் இருப்பதுதான் சிக்கல்.

தூத்துக்குடி வணிகர்: இது வெறும் சடங்கு. நடிகர் வேட்டி விளம்பரத்தில் வந்தால் யாரும் அறிவிப்புக் கேட்பதில்லை. பணம் வாங்கித்தான் பேசுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

நடிகர் தோன்றுவது விளம்பர இடைவேளையில். அந்த இடைவேளையே அறிவிப்பு. யூடியூபர் தன் சமையலறையில் நின்று, நேற்றைய குழம்பைப் பற்றிப் பேசிய அதே குரலில் எண்ணெயைப் பற்றியும் பேசுகிறார். எந்த வாக்கியத்தில் கதை முடிந்து விற்பனை தொடங்கியது என்பது ஊருக்குத் தெரிவதில்லை.

சமையல் சேனல் நடத்துபவர்: நான் நிஜமாகவே பயன்படுத்தும் பொருளை மட்டும்தான் சொல்கிறேன்.

மகிழ்ச்சி. அப்படியானால் சொல்வதில் தயக்கம் ஏன்?

தூத்துக்குடி வணிகர்: தயக்கம் விற்பனை குறையும் என்பதால்தான். என் போட்டியாளர் மறைத்து விளம்பரம் செய்யும்போது நான் மட்டும் சொன்னால் எனக்கு நட்டம்.

இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட கள ஆய்வின்படி, பரிசோதிக்கப்பட்ட பிரபலங்களில் 97 சதவீதம் பேர் வணிகப் பதிவுகள் இடுகிறார்கள். அவற்றை முறையாக அறிவிப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மறைப்பவருக்குக் கிடைக்கும் ஆதாயம் அவருக்கு மட்டும். அதனால் எழும் சந்தேகமோ வெளிப்படையாகச் சொல்பவர் மீதும் விழுகிறது. தென் கொரியாவில் 2020 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். "சொந்தக் காசில் வாங்கியது" என்று காட்டிய காணொளிகள் பணம் பெற்றவை என்று அம்பலமானபோது, பெரும் எண்ணிக்கையில் பின்தொடர்பவர்களைக் கொண்டிருந்தவர்கள் மன்னிப்புக் கேட்டுச் சேனலையே நிறுத்தினார்கள். அங்கே மக்களைக் கொதிக்கவைத்தது பணம் வாங்கியதைக் காட்டிலும் வாங்கவில்லை என்று நடித்ததுதான். உங்கள் போட்டியாளரைப் பற்றி இங்கே வருந்துவதைவிட அவர் மீது புகார் கொடுப்பது பயன் தரும்.

பெயர் குறிப்பிடாதவர்: எடை குறைக்கும் பொடி ஒன்றை ஒரு அண்ணா சொல்கிறார். நம்பலாமா?

மேலே சேலம் வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கோவை வாசகர்: பங்குச் சந்தை சொல்லித்தரும் யூடியூபர்கள்?

பங்கு பரிந்துரைக்கிறாரென்றால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு அவருக்குக் கொடுத்த பதிவு எண்ணைக் கேளுங்கள், இல்லையென்றால் அகன்றுவிடுங்கள். "பாடம்தான் நடத்துகிறேன், பரிந்துரை இல்லை" என்று சொல்பவருக்கும் வரம்பு உண்டு: கடந்த மூன்று மாதத்துப் பங்கு விலைகளை அவர் பாடத்தில் பயன்படுத்தக் கூடாது என்று செபி 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியது.

திருச்சி வாசகி: ஒரு முகப்பூச்சு…

மூன்றாவது முறையாக: தோல் மருத்துவர்.

ஈரோட்டுச் சிறுதொழில் முனைவோர்: எங்கள் துண்டு, போர்வை வகைகளுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது? பத்து லட்சம் பேர் பின்தொடர்பவரையா?

எண்ணிக்கையை நம்பாதீர்கள், அதை விலைக்கு வாங்க முடியும். அவருடைய கடந்த சில விளம்பரங்களின் பின்னூட்டங்களைப் படியுங்கள். "விலை என்ன, துவைத்தால் சாயம் போகுமா?" என்று கேட்டிருக்கிறார்களா, இதயக் குறிகள் மட்டுமா? போன வாரம் வேறு போர்வையையும் அதற்கு முன் கடன் செயலியையும் புகழ்ந்தவர் உங்களுக்கு உதவ மாட்டார். ஒப்பந்தத்தில் அறிவிப்பைக் கட்டாயமாக்குங்கள்; தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. அது தயாரிப்பாளரையும் விடாது, பேசியவரையும் விடாது. பேசியவரை ஓராண்டு வரையும், மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரையும் விளம்பரத்தில் தோன்றத் தடை செய்யவும் முடியும். கூற்றின் உண்மையை உரிய கவனத்தோடு சரிபார்த்தவருக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆகவே ஆய்வகச் சான்று இருந்தால் அவருக்கு முதலிலேயே அனுப்பிவிடுங்கள்.

மதுரை மாணவி: மறைமுக விளம்பரத்தைப் பற்றி எங்கே புகார் செய்வது?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்திய விளம்பரத் தர மன்றத்தின் இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம். பதிவைத் திருத்திவிடுவார்கள் என்பதால், புகார் எழுதும் முன்பே தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.