மருத்துவ இடம் கிடைக்காவிட்டாலும் கிருமிகளோடு போராடலாம்

மதிப்பிற்குரிய ஐயா,

நீட் மதிப்பெண் போதாத நிலையில், ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பயனற்றுப் போவதைத் தடுக்கும் பணிக்கே போவேன் என்று உங்கள் மகள் உறுதியாக நிற்பதாகவும், அப்படியொரு வேலை உண்டா என்று அஞ்சுவதாகவும் பாளையங்கோட்டையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாகி 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இந்தியாவும் 2017இலேயே இதற்கெனத் தேசியச் செயல்திட்டம் வகுத்தது.

இது மருத்துவர்களுக்கு மட்டுமான துறை அன்று. வேறு மருந்து எதுவும் கேட்காதபோது நோயாளிக்குக் கொடுக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கோழிகள் விரைந்து வளர்வதற்காகத் தீவனத்தில் கலந்துவந்தார்கள். அப்படிக் கொடுத்தால் கிருமிகள் அந்த மருந்துக்கும் கட்டுப்படாமல் போகும். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதை மத்திய அரசு 2019இல் தடை செய்தது. இத்தகைய ஆணையை எழுதவும் நடைமுறைப்படுத்தவும் ஆய்வகத்தில் கிருமியைச் சோதிப்பவரும், பண்ணையின் வரவு செலவை அறிந்தவரும், புள்ளிவிவரத்தை ஆராய்பவரும், சட்டம் தெரிந்தவரும் வேண்டும்.

ஆகவே, மதிப்பெண் இடம்கொடுத்தால், திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியையே முதலில் சொல்வேன். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, நீட் கேட்பதில்லை. மனிதரிடமும் விலங்கிடமும் ஒரே கிருமி போய்வருவதால், அந்தப் படிப்புக்கு இத்துறையில் தனி மதிப்பு உண்டு. அது அமையாவிட்டால் நுண்ணுயிரியலோ புள்ளியியலோ படிக்கட்டும். எந்தப் பட்டமானாலும் அடுத்த படி பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும், நமக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் அதை நடத்துகின்றன. சேர்க்கைத் தகுதி இடத்துக்கு இடம் மாறுவதால், இளநிலைப் பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்க வேலைகள் பெரும்பாலும் ஆய்வுத் திட்டங்களைச் சார்ந்த ஒப்பந்தப் பணிகள். திட்டம் முடிந்தால் வேறு வேலை தேட நேரும். குடும்பம் அவளுடைய சம்பளத்தை உடனே எதிர்பார்த்திருந்தால், கால்நடை மருத்துவம் கூடுதல் பாதுகாப்பு.

இதற்கிடையில் அவளிடம் ஒரு வேலை கொடுங்கள். பல முக்கிய ஆன்டிபயாட்டிக்குகளை விற்கும்போது, எழுதிக்கொடுத்த மருத்துவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டுமென்ற எச்1 விதி 2014 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. அந்த விதியைப் படித்து, ஒரு சிறு மருந்துக் கடை அதைப் பின்பற்றுவதற்கு எவை தடையாகலாம், அரசு என்ன செய்யலாம் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கொள்கைப் பணியின் அன்றாடம் பெரும்பாலும் இதுதான். எழுதி முடித்தபின் இன்னும் படிக்க வேண்டுமென்று அவளே கேட்டால், தயங்காமல் விண்ணப்பம் வாங்கிக் கொடுங்கள்.