வெறும் சத்தமா?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மொழியியலாளர் வந்து பேசினார். குமரி மாவட்டக் கிராமங்களில் சேகரித்த சலசல, மொறுமொறு, கிறுகிறு மாதிரியான சொற்களைப் பற்றியே ஒரு மணி நேரம். வெறும் சத்தத்துக்கெல்லாமா ஆராய்ச்சி? அதையும் பொதுமக்களைக் கூட்டிவைத்துச் சொல்ல வேண்டுமா?
(ஒரு வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: சத்தம் என்கிறீர்கள். நீங்கள் எழுதிய மூன்றையே எடுத்துக்கொள்வோம். சலசல சத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். மொறுமொறுவில் பாதி சத்தம், மீதி பல்லுக்குத் தெரிகிற பதம். கிறுகிறு? தலை சுற்றும்போது காதில் என்ன கேட்கிறது? பளபளவுக்குக் கண் வேண்டும், கமகமவுக்கு மூக்கு, சொரசொரவுக்கு விரல். ஒருவர் குறுகுறுவென்று பார்க்கிறார், இன்னொருவர் திருதிருவென்று முழிக்கிறார். இரண்டிலும் ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் எது எந்தப் பார்வை என்று நம் வீட்டுக் குழந்தைக்குத் தெரியும்.

இந்தக் குழப்பத்துக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்து இலக்கணப் பாடத்தின் மேல்தான் எனக்குப் பல வருடக் கோபம். 'இரட்டைக் கிளவி இரட்டின் பிரிந்து இசையா' (இரட்டித்து வரும் சொல் பிரிந்து நின்று பொருள் தராது) என்று தொல்காப்பியர் சொன்னதை மனப்பாடம் செய்யவைத்து, சலசல, மடமட என்று இரண்டு எடுத்துக்காட்டு கொடுத்து, கதவைச் சாத்திவிடுகிறார்கள். சிறிய மணி கிணிகிணி என்றும் பெரிய மணி கணகண என்றும் ஏன் ஒலிக்கிறது, இகரம் வந்தால் ஏன் பொருள் சிறுத்துப்போகிறது என்று ஒரு வாத்தியாராவது வகுப்பில் கேட்கலாம் இல்லையா? திராவிட மொழிகள், வட இந்திய மொழிகள், கிழக்கு, மத்திய இந்தியப் பழங்குடிகள் பேசும் முண்டா மொழிகள் எல்லாவற்றிலும் இவ்வகைச் சொற்கள் ஒரே போக்கில் அமைந்திருப்பதை மொழியியலாளர் எமனோ 1969இல் விரிவாக எழுதினார். அது ஒரு பாடநூலுக்குள்ளும் வந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம், வலி. முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற ஒரு பாட்டியின் பேச்சைக் கேளுங்கள். 'சுருக் சுருக்னு குத்துது', 'விண்ணு விண்ணுன்னு தெறிக்குது', 'கடுகடுன்னு கடுக்குது'. மூன்றும் மூன்று வலி. சுருக் என்று ஒரு தடவை சொன்னால் ஒரு குத்து, இரண்டு தடவை சொன்னால் விட்டுவிட்டு வருகிற குத்து. ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975இல் வலியை அளக்க ஒரு வினாத்தாள் வெளியிட்டார். அதில் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்துவைத்தார். நோயாளி சொல்லும் சொல்லே நோயைக் காட்டும் என்பதால்தான் அவ்வளவு பாடு. பாட்டியிடம் அந்தச் சரக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை எழுதிக்கொள்ளத்தான் ஆள் வேண்டும்.

எழுதிக்கொள்வது லேசும் இல்லை. தண்ணீருக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டால் பதில் வந்துவிடும். கிறுகிறுவை எப்படிக் கேட்டு வாங்குவது? நடந்த ஒன்றை ஒருவர் ஆர்வமாக விவரிக்கும்போது, கையும் முகமும் சேர்ந்து பேசும்போதுதான் அது வெளியே வரும். ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் சிவு மொழியை ஆராய்ந்த மொழியியலாளர் மார்க் டிங்கமன்சே, அந்த ஊர்க்காரர்களே இத்தகைய சொற்களை விளக்குவதைப் படம்பிடித்தார். கை சொல்கிற பாதியை ஏட்டில் எழுத முடியாது.

ஆகவே பொதுமக்களைக் கூட்டத்தான் வேண்டும். சொல் அவர்களுடையது. 'அப்படி இல்ல மக்கா, அது வேற' என்று பின்வரிசையிலிருந்து யாராவது திருத்தினால், அந்தத் திருத்தம்தான் ஆய்வாளருக்குக் கிடைக்கிற பெரிய லாபம். மக்களிடம் வாங்கியதை அவர்கள் முன்னாலேயே கொண்டுவந்து வைத்தாரே, அந்த மொழியியலாளர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

கடைசியாக, மழை. கதையில் 'நசநசவென்று மழை' என்று எழுதினால் 'லேசான மழை' என்று திருத்துகிற பத்திரிகைக்காரர்களோடு நான் பல காலமாகச் சண்டை போடுகிறேன். இந்த மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, ரப்பரும் உண்டு. சடசடவென்று கொட்டி ஓய்ந்தால் ரப்பர் மரத்துப் பட்டை காய்ந்துவிடும். நாள் முழுக்க நசநசத்தால் பட்டை காயாது, பால்வெட்டு கிடையாது, அன்றைய கூலியும் கிடையாது. 'லேசான மழை' இதில் எதைச் சொல்கிறது? அந்த மொழியியலாளர் மறுபடி உங்கள் ஊருக்கு வந்தால், குலசேகரம் பக்கம் பால் வெட்டுகிறவர்களிடம் மழையைப் பற்றிப் பேச்சுக்கொடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே போய்வாருங்கள்.