இந்தியாவில் கிறிஸ்தவ ஊழியம் செய்யச் சட்டம் அனுமதிக்கிறதா?

அனுமதிக்கிறது. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்ற மட்டுமல்ல, பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் கொள்கையை எடுத்துச் சொல்லலாமே தவிர, இன்னொருவரை மதம் மாற்றுவது உரிமையாகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மாநிலங்களின் மதமாற்றத் தடைச் சட்டங்கள்தான் பெரிய தலைவலி. கட்டாயம், மோசடி கூடாது, சரி. ‘ஆசை காட்டுதல்’ எதுவரை? உத்தரப் பிரதேசத்தின் 2021 சட்டத்தில், மத அமைப்பு நடத்தும் நல்ல பள்ளியில் இலவசக் கல்வி தருவதாகச் சொல்வதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. பள்ளியும் மருத்துவமனையும் ஊழியத்தோடு சேர்ந்தே வளர்ந்த நாட்டில் இது ரொம்பவே அகலமான வலை என்பேன்.

தமிழ்நாட்டில் 2002இல் வந்த தடைச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

அப்புறம், வெளிநாட்டவர் சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்ய முடியாது. அதற்குத் தனி மிஷனரி விசா வேண்டும்.