குளியலறைச் சுவரில் உட்காரும் குட்டிக் கறுப்புப் பூச்சி எது?

தினமும் காலையில் குளியலறைச் சுவரில் நாலைந்து கறுப்புப் பூச்சிகள் இருக்கின்றன, கொசுவை விடச் சின்னவை, கடிப்பதில்லை, இவை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் டிரெயின் ஃப்ளை, அதாவது வடிகால் ஈ. இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். உறுதி செய்ய ஒன்றை செலோடேப்பில் ஒட்டி எடுத்து, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். இலை போல அகன்ற இறக்கை, அதன் மேல் பொடி மயிர் அடர்ந்திருந்தால் அதேதான். விரலால் நசுக்கினால் சாம்பல் தீற்றல் போல ஒட்டும். விரட்டினாலும் தூரம் போகாது, ஒரு சாண் தள்ளிப் போய் மறுபடி உட்காரும்.

எங்கள் வீட்டில் இது வந்தபோது நான் தொட்டிச் செடிகளைச் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் மண்ணைக் காயப் போட்டேன். பூச்சி குறையவே இல்லை. செடி மண்ணில் வருவது வேறு: ஒல்லி உடம்பு, நீண்ட கால், நீண்ட உணர்கொம்பு, வழவழப்பான இறக்கை. பழத்தைச் சுற்றுவது பழுப்பு நிறம், பெரும்பாலும் சிவப்புக் கண். முதுகு கூனி, பறக்காமல் மேஜை மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் அது ஃபோரிட் ஈ. தரைக்கடியில் குழாய் உடைந்திருந்தாலும் அது வரும், பிளம்பரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் ஈ எந்தத் துளையிலிருந்து வருகிறது? இரவில் வடிகால் துளையின் மேல், பசை கீழ்நோக்கி இருக்க, காற்றுப் போக இடம் விட்டு டேப்பை ஒட்டுங்கள். நான் ஒட்டிய டேப்பில் மறுநாள் காலை மூன்று ஈக்கள் இருந்தன. மூடியைக் கழற்றினால் குழாயின் உள்சுவரில் கறுப்பாக, கூழ் போல வழுவழுப்பு. அதற்குள் நூல் துணுக்கு மாதிரிப் புழுக்கள் நெளிந்தன. அவை வளர்வதே அந்தக் கூழைத் தின்றுதான்.

அதனால் ஸ்பிரே அடிக்காதீர்கள். பறக்கும் ஈ சாகும், உள்ளே இருக்கும் புழு அப்படியே இருக்கும். வெறும் வெந்நீர் ஊற்றினாலும் கூழ் முழுசாகப் போகாது. நீளமான பிரஷ்ஷைக் குழாய்க்குள் விட்டு உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், ஒரு வாரம் தினமும். மூடியின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள், எங்கள் வீட்டில் அங்கேதான் அதிகம் ஒட்டியிருந்தது. கூட்டுப்புழுக்கள் மிச்சம் இருந்தால் அதற்கப்புறமும் சில நாள் ஒன்றிரண்டு ஈ வரும். மூன்றாம் நாளே பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். புழங்காத குளியலறை இருந்தால் அந்தத் துளையையும் திறந்து பாருங்கள்.