மொட்டை மாடிக்குக் கீழே அம்மா: ஏ.சி. வாங்கலாமா?

கேள்வி: வேலூரில் மேல்மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். 70 வயது அம்மா பி.பி. மாத்திரையோடு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். வெயிலில் அவர் வெளியே போவதே இல்லை. ஆனாலும் ராத்திரி தூக்கமில்லை, காலையில் எழுந்தால் கிறுகிறுப்பு. கடன் வாங்கியாவது ஏ.சி. போடலாமா? வயதானவர்களுக்கு அது ஆகாது என்கிறார்களே?

பதில்: வெளியே போகாததால் வெயில் பாதிக்காது என்று நினைக்காதீர்கள். 2021-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரே வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் நாலு சுவருக்குள் இருந்தவர்கள், பெரும்பாலும் முதியவர்கள். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் ராத்திரிதான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும். வயதானால் வியர்வையும் குறையும், தாகமும் சரியாகத் தெரியாது. கூடவே நீர் மாத்திரை தண்ணீரையும் உப்பையும் வெளியேற்றுகிறது. எழுந்ததும் பி.பி. இறங்கிக் கிறுகிறுப்பது இதனால் இருக்கலாம். படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்று ஒருமுறை பி.பி. பார்த்துக் குறித்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். கோடைக்கு மாத்திரை அளவை மாற்றுவதா என்பதை அவர் சொல்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம். இருதயக் கோளாறு இருந்தால் தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, ஏ.சி. முதியவர்களுக்கு ஆகாது என்பது வீண் பயம். 27 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போதும், கரண்ட் பில்லும் கையைக் கடிக்காது. ஆனால் கடன் வாங்குமுன் ஹவுஸ் ஓனரிடம் பேசி மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்துப் பாருங்கள். சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் அடித்தாலே கீழே சூடு குறைவது தெரியும். அப்படியும் அம்மாவால் தூங்க முடியாவிட்டால் ஏ.சி. வாங்குங்கள். அவர் வயதில் அதை ஆடம்பரமாக நான் நினைக்கவில்லை. ஃபேனை மட்டும் நம்பவும் முடியாது. அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் அது அனலைத்தான் வீசும். அந்த நேரத்தில் ஈரத்துணியால் கை கால் கழுத்தைத் துடைத்துவிடுங்கள்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்லதுதான். ஆனால் 2011-இல் ரேஷன் அட்டைக்கு மின்விசிறி கொடுக்கத் தொடங்கிய மாநிலம் இது. உயிரோடு இருக்கும்போதே மொட்டை மாடிக்கு வெள்ளையடிக்கவும் உதவலாமே என்று எனக்கு ஓர் ஆதங்கம்.

அப்புறம் ஒன்று. அம்மா உளற ஆரம்பித்தால், உடம்பு நெருப்பாய்க் கொதித்தால், 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா காத்திருக்காமல் உடைகளைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். பாராசிட்டமால் அந்தச் சூட்டைக் குறைக்காது. நினைவு தப்பியிருந்தால் வாயில் தண்ணீர் புகட்டவும் கூடாது, புரையேறிவிடும்.