கேமிங் கணினிக்கு எந்த பிராசசர்? உறுப்பினர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): ஒரு லட்சம் ரூபாய்க்குள் கேமிங் கணினி ஒன்றை அமைக்க விரும்புகிறேன். கடையில் இன்டெலின் ஐ7 அல்லது ஏஎம்டியின் ரைசன் 7 பிராசசர் வாங்கச் சொல்கிறார்கள். அவ்வளவு தேவையா?

பதில்: உங்களிடம் எந்த மானிட்டர் இருக்கிறது என்று கடையில் கேட்டார்களா? அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும்) எதிராளி எங்கே நகர்கிறான், குண்டு எதில் படுகிறது, எவற்றை வரைய வேண்டும் என்பதையெல்லாம் பிராசசர் கணக்கிட்டுக் கொடுத்த பிறகே கிராபிக்ஸ் கார்டு வரையத் தொடங்குகிறது. விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி விநாடி அவகாசம் உண்டு; 144 ஃபிரேம் என்றால் அது 6.9 ஆகச் சுருங்கிவிடும். ரெசல்யூஷனை, அதாவது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை (1080பி, 1440பி, 4கே என்பவை அதன் ஏறுவரிசை), கூட்டும்போது கார்டின் சுமை ஏறுகிறதே தவிர, பிராசசரின் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆகவே 1440பி மானிட்டரில் கதை சார்ந்த கேம்களை ஆடுபவருக்கு, ஆறு கோர்களும் (கணக்கிடும் உள் அலகுகள்) பெட்டியிலேயே கூலரும் கொண்ட ரைசன் 5 7600 போதுமானது. மிச்சமாகும் பணம் முழுவதும் கார்டுக்குப் போகட்டும். 1080பி, 240 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 240 முறை படத்தை மாற்றும்) மானிட்டரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரன்ட் போன்றவற்றை ஆடுபவராக இருந்தால் மட்டும் கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு.

கேள்வி (கோவை): ஏஎம்டியின் எட்டு கோர் கொண்ட ரைசன் 7 9800எக்ஸ்3டி-யை எல்லோரும் புகழ்கிறார்கள். பதினாறு கோர் பிராசசரைவிட எட்டு கோர் எப்படி வேகமாக இருக்க முடியும்?

பதில்: வீடியோ ரெண்டரிங் செய்தால் பதினாறு கோர்தான் வெல்லும். கேம்களின் வேலையோ அத்தனை கோர்களுக்கும் சமமாகப் பிரிவதில்லை. முதன்மையான ஒன்றிரண்டு திரெட்டுகளே (ஒரு கோரில் வரிசையாக ஓடும் வேலைத்தொடர்கள்) பெரும்பாலும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. அந்தத் திரெட்டுகள் கணிசமான நேரத்தைக் கணக்கிடுவதில் அல்ல, தரவுக்காகக் காத்திருப்பதில் செலவிடுகின்றன. பிராசசருக்குள் இருக்கும் எல்3 கேஷ் என்னும் சிறிய, வேகமான நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரச் சுமார் 10 நானோ விநாடி ஆகும். அது அங்கே இல்லாமல் ரேம் வரை போய்வர வேண்டியிருந்தால் அதைப்போல் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

இதை ஏஎம்டி 2022 ஏப்ரலில் வெளியிட்ட 5800எக்ஸ்3டி பிராசசர் தெளிவாகக் காட்டியது. 32 எம்பி எல்3 கேஷ் கொண்ட 5800எக்ஸ்-இன் மேல் இன்னொரு 64 எம்பி அடுக்கை ஏற்றி, மொத்தம் 96 எம்பி ஆக்கினார்கள். அதற்காகக் கிளாக் வேகத்தை (கோர்கள் இயங்கும் வேகத்தை) குறைக்க வேண்டியிருந்தது. இருந்தும் பெரும்பாலான கேம்களில் அது 5800எக்ஸ்-ஐ முந்தியது. மேலே அமர்ந்த கேஷ் அடுக்கு கோர்களின் சூடு வெளியேறுவதைத் தடுத்ததால், 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் அந்த அடுக்கைக் கோர்களுக்குக் கீழே வைத்துவிட்டார்கள். விமான சிமுலேட்டர்கள், ஆயிரக்கணக்கான பொருள்களை ஒரே நேரத்தில் இயக்கும் ஃபேக்டோரியோ போன்ற கேம்கள் ஆகியவற்றில் இதன் பலன் கண்கூடாகத் தெரியும். 4கே-யில் 60 ஃபிரேமோடு திருப்தி அடைபவருக்கு அந்தப் பலனில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): என்னிடம் பி450 மதர்போர்டும் ரைசன் 5 2600-உம் உள்ளன. புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் ஆடும் கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை உயரவில்லை என்றால் தடையாக இருப்பது பிராசசர். நன்றாக உயர்ந்தால் கார்டு. பிராசசர்தான் என்றால், அதே போர்டில் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துவிட்டு 5700எக்ஸ்3டி-யைப் பொருத்தலாம். அது கிடைக்காவிட்டால் ரைசன் 5 5600-உம் நல்ல முன்னேற்றமே. பயாஸைப் பழைய பிராசசர் இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும், கழற்றிய பிறகு அல்ல. கூலரை எடுக்கும்முன் கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அணைத்து, மின்இணைப்பை நீக்கி, பிராசசருக்கும் கூலருக்கும் இடையில் உள்ள பேஸ்ட் இளகியிருக்கும்போதே கூலரை இடவலமாக மெல்லத் திருகிக் கழற்றுங்கள். உங்கள் போர்டில் உள்ள ஏஎம்4 சாக்கெட்டுக்கான பிராசசரில் பின்கள் அதன் அடியிலேயே இருப்பதால், நேராக இழுத்தால் சாக்கெட்டிலிருந்து பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

கேள்வி (திருச்சி): பழைய ஐ9-13900கே ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: மிகவும் யோசித்து. இந்த ஐ9-13900கே அடங்கிய இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவற்றில், தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் சில்லை நாளடைவில் பழுதாக்கும் குறை 2024-இல் உறுதியானது. அதற்கான மைக்ரோகோட் (பயாஸ் வழியாகப் பிராசசருக்குச் செல்லும் உள்மென்பொருள்) திருத்தத்தை அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் இன்டெல் வெளியிட்டது; வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. திருத்தம் மேலும் பழுதாவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே பழுதான சில்லைச் சரிசெய்யாது. முந்தைய உரிமையாளர் பயாஸை எப்போது புதுப்பித்தார் என்பதை வெளியிலிருந்து பார்த்து அறியவும் முடியாது. போதிய வீடியோ மெமரி இருந்தும் அது போதவில்லை என்று பிழை காட்டி கேம் மூடிக்கொள்வது, இந்தக் குறையின் பரவலான அறிகுறி. 12-ஆம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி (சேலம்): பிராசசர் பெயரின் கடைசியில் வரும் ‘எஃப்’ எதைக் குறிக்கிறது?

பதில்: உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்பதை. விலை சற்றுக் குறையும். ஆனால் கார்டு பழுதாகும் நாளில் திரையில் எதுவுமே வராது என்பதால், விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் ‘எஃப்’ இல்லாததையே நான் வாங்குவேன்.

கேள்வி (சென்னை): ரைசன் 7600எக்ஸ் 95 டிகிரிக்குப் போகிறது. நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

பதில்: தாங்கும். முழுச் சுமையில் 95 டிகிரி வரை போய், அங்கே தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் வகையில்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கேம் ஆடும்போது பொதுவாக அதைவிடக் கீழேயே இருக்கும். 65 வாட் கொண்ட சாதாரண 7600-ஐ வாங்கினால் இந்தக் கவலை குறையும்.

கேள்வி (ஈரோடு): 6000 வேக டிடிஆர்5 ரேம் வாங்கினேன். கணினியோ 4800 என்றே காட்டுகிறது. பிராசசரில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்று இருக்கும், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பை நீங்கள்தான் இயக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல் வருடக்கணக்கில் குறைந்த வேகத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான்கு ஸ்லாட் கொண்ட போர்டில் இரண்டு ரேம் மட்டும் இருந்தால், பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பிற்பாடு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். டிடிஆர்5-இல் நான்கு ரேம் போட்டால் 6000 வேகம் நிலைப்பது கடினம். 32 ஜிபி வேண்டுமானால் இரண்டு 16 ஜிபி-யாக இப்போதே வாங்கிவிடுங்கள்.