யோருபா மிஷன் நாட்குறிப்புகள்: எங்கே தேடுவது, எவ்வளவு நம்புவது?

கேள்வி: இன்றைய தென்மேற்கு நைஜீரியாவில் வாழும் யோருபா மக்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமூகம் குறித்து ஆய்வு செய்கிறேன். ஆங்கிலிகன் மிஷனரிகளின் ஆவணங்களை எங்கே பார்க்கலாம்? மதம் பரப்பச் சென்றவர்களின் எழுத்தைச் சான்றாகக் கொள்ளலாமா?

பதில்: ஆங்கிலிகன் அமைப்பான சர்ச் மிஷனரி சங்கம் 1846-இல் யோருபா நகரமான அபெயோகுடாவில் நிலையம் அமைத்தது. அங்கிருந்து லண்டனுக்குச் சென்ற கடிதங்களும் நாட்குறிப்புகளும் இன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் கேட்பரி ஆய்வு நூலகத்தில் உள்ளன. மிஷன் தன் நிர்வாகத்துக்காக வைத்திருந்த தாள்களில் ஒரு பகுதி நைஜீரியாவின் இபாதான் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பதால், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். பர்மிங்காம் தொகுப்பின் பெரும்பகுதி மைக்ரோஃபிலிமிலும் கிடைக்கிறது. பயணச்சீட்டு வாங்கும் முன் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

1880-க்கு முந்தைய ஆவணங்களை மூன்று வரிசைகளில் காண்பீர்கள்: களத்திலிருந்து வந்த மூலக் கடிதங்கள், அவற்றை லண்டன் அலுவலகத்தில் படியெடுத்த மிஷன் புத்தகங்கள், லண்டன் அனுப்பிய பதில்களின் நகல்கள். மூலத்தில் மை மங்கியிருந்தால் படி கைகொடுக்கும். 1880-க்குப் பிறகு, வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் எண்ணிட்டுச் சுருக்கம் எழுதிய புத்தகங்கள் உள்ளன. அந்தக் காலத்துக்கு அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.

நம்பகத்தன்மையைப் பொறுத்தவரை, யார் எழுதினார், யாருக்காக எழுதினார் என்பதே முதல் கேள்வி. மனமாற்றக் கதைகள் நன்கொடையாளர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. சங்கத்தின் பத்திரிகைகளில் அச்சான பகுதிகள் பின்னர் வெட்டித் திருத்தப்பட்டவையும்கூட. ஆகவே அச்சுப் பிரதியை மேற்கோள் காட்டும் முன் கையெழுத்து மூலத்துடன் ஒப்பிடுங்கள். அதே பக்கங்களில் போகிற போக்கில் பதிவான சந்தை விவரம், இஃபா என்ற யோருபா முறையில் குறிசொல்லும் பாபலாவோ என்ற பூசாரிகளுடன் தெருவில் நடந்த வாக்குவாதம், யோருபா நகரங்களுக்கிடையே 1860-இல் தொடங்கிய இஜாயே போரின் செய்தி ஆகியவற்றில் மிகைப்படுத்தக் காரணம் குறைவு என்பதால், என் கணிப்பில் ஆய்வாளருக்கு மிகுந்த பயன் தருபவை அவையே.

இன்னொன்றை வலியுறுத்துகிறேன்: இத்தொகுப்பை வெள்ளையர் குரலாக மட்டும் வாசிப்பது பெரும் இழப்பு. 1821-இல் அடிமையாகப் பிடிபட்டு, மறு ஆண்டு விடுவிக்கப்பட்டு, 1864-இல் அத்தியட்சரான (பிஷப்பான) சாமுவேல் அஜாயி கிரௌத்தரும், பல யோருபா குருமார்களும் உபதேசியார்களும் தங்கள் நாட்குறிப்புகளைத் தொடர்ந்து லண்டனுக்கு அனுப்பினார்கள். ஆப்பிரிக்கர் அத்தியட்சராவதை எதிர்த்த ஆங்கிலேய மிஷனரி ஹென்றி டவுன்செண்டின் கடிதங்களையும் கிரௌத்தரின் கடிதங்களையும் அருகருகே வைத்து வாசித்தால், ஒரே மிஷனுக்குள் இருந்த பிளவு தெளிவாகும். 1867-இல் ஐரோப்பிய மிஷனரிகள் அபெயோகுடாவிலிருந்து வெளியேற்றப்பட்டபின் அந்நகரைப் பற்றி அறிய, அங்கேயே தங்கிப் பணியைத் தொடர்ந்த ஆப்பிரிக்கர்களின் எழுத்தே முதன்மையானது.

குறிப்பெடுக்கும்போது கடிதம் எழுதிய தேதியையும் லண்டனில் பெறப்பட்ட தேதியையும் தனித்தனியே பதியுங்கள். கப்பல் அஞ்சல் வந்துசேரும் இடைவெளியைக் கணக்கில் எடுக்காவிட்டால், லண்டனின் பதில் எந்தக் கடிதத்துக்கு உரியது என்பதே குழம்பிவிடும்.